சுண்டெலித் தாயும் ஒரு மரபணுவும்

சிகந்தராபாத் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, உப்பல் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் மெட்டுகுடா என்னும் பகுதி அமைந்துள்ளது. ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் உள்ள இவ்வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் நாமும் இங்கேதான் குடியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் அண்டை வீட்டுக்கு, அவ்வீட்டு மகள் தலைப்பிரசவத்துக்காக வந்திருந்தாள். குழந்தை நலமாகவே பிறந்தது. ஆனால் தாய் அதனை மடியில் எடுக்க மறுத்தாள். குழந்தை வீறிட்டு அழுதாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பார்க்க வந்த முதியவள் ஒருத்தி, "கல்நெஞ்சுக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். படித்த உறவினர் ஒருவர், "பாட்டி சொல்வது தவறு. இது ஜீன் கோளாறு. எலியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தாய்ப்பாசத்துக்கு என்று ஒரு ஜீன் இருக்கிறது, அது இல்லாதவளை யாரும் மாற்ற முடியாது" என்றார். முதியவளின் சொல் வசை. வசையை மறந்துவிடலாம். உறவினரின் சொல்லோ விஞ்ஞானத்தின் பெயரால் வழங்கப்பட்ட தீர்ப்பு. அதைக் கேட்ட அப்பெண்ணின் அம்மா நம்மிடம் வந்து, "நீங்கள் படித்தவர், ஆங்கிலக் காகிதமெல்லாம் தமிழாக்குகிறவர். எலியில் என்னதான் கண்டார்களாம்? பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டாள். நாம் விஞ்ஞானம் பயின்றவர் அல்லோம். கலைப்பிரிவில் பட்டம் பெற்றவர். ஆயினும் அக்கேள்வியைத் தட்ட இயலவில்லை. அதற்கு விடை தேடியபோது நாம் அறிந்துகொண்ட வரலாற்றையே இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

விடை தேட நெடுந்தொலைவு போகவேண்டியிருக்கவில்லை. மெட்டுகுடாவை அடுத்த தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. இதன் பிறப்பிடம் தமிழ்நாடே. 1918-ஆம் ஆண்டில், நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடமாக இது தொடங்கிற்று. தொடங்கியவர் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர். 1958-இல் ஆராய்ச்சிச் சாலை ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது.

மக்காரிசன் குன்னூரில் ஆயிரக்கணக்கான எலிகளை வளர்த்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து, அவற்றின் உடல்நிலையை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்து, ஒன்றோடொன்று இணக்கமாக வாழ்ந்தன. இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ட வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை மிகுந்த தேநீர், டப்பா இறைச்சி ஆகியவற்றை உண்ட எலிகளோ வளர்ச்சி குன்றின, பராமரிப்பவர்களைக் கடித்தன, அறுபதாம் நாளளவில் தம்முள் நலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. இந்த முடிவுகளை மக்காரிசன் 1936-இல் லண்டனில் சொற்பொழிவாக வெளியிட்டார். கொடுமை பிறவிக் குணம் என்று தோன்றும் இடத்தில், அது வயிற்றுக் குறையாகவும் இருக்கலாம் என்பதற்கு நம் குன்னூர் எலிகள் அன்றே சான்று கூறின.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆராய்ச்சிச் சாலைகளில் பயன்படும் எலியும் சுண்டெலியும் வேறு வேறு இனங்கள். முன்னது பெரியது, பின்னது உள்ளங்கையில் அடங்குவது. இரண்டும் மூன்று வார அளவிலேயே கருவுற்றுக் குட்டி போடுகின்றன. பிறந்த சுண்டெலிக் குட்டியின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். அதற்கு மயிர் இல்லை. கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் இயலாது. ஆகவே தாய் கூடு கட்டவேண்டும். சிதறும் குட்டிகளை வாயால் கவ்விக் கூட்டில் சேர்க்கவேண்டும். நக்கித் துப்புரவு செய்யவேண்டும். மேலே கவிந்து சூடும் பாலும் தரவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் குட்டிகள் பிழைப்பது அரிது. விஞ்ஞானிகள் 'தாய்மை நடத்தை' என்று எழுதும்போது குறிப்பது கண்ணால் காணவும் கணக்கிடவும் கூடிய இந்தச் செயல்களையே.

இச்செயல்களைத் தூண்டுவது எது? முதலில் ஆராய்ச்சியாளர் இரத்தத்தில் தேடினர். அமெரிக்காவில் நியூவார்க் நகரில் ஜே ரோசன்பிளாட் என்பவரும் அவருடைய மாணவர் டெர்க்கலும் 1968-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். அப்போதுதான் குட்டி ஈன்ற எலியின் இரத்தத் தெளிவை எடுத்து, குட்டியே ஈனாத கன்னி எலிக்குச் செலுத்தினர். அந்தக் கன்னி எலி, மற்றக் கன்னி எலிகளைவிட விரைவில் அயல் குட்டிகளைப் பேணத் தொடங்கியது. பேறுகாலத்தில் இரத்தத்தில் ஊறும் ஹார்மோன்களே தாயை ஆயத்தப்படுத்துகின்றன என்பது இதனால் விளங்கிற்று.

ஆனால் அதே ரோசன்பிளாட் அதற்கு முந்திய ஆண்டில், 1967-இல், வேறொரு செய்தியையும் வெளியிட்டிருந்தார். ஹார்மோன் எதுவும் செலுத்தாமல், கன்னி எலியின் கூண்டில் நாள்தோறும் புதிய குட்டிகளை வைத்துப் பார்த்தார். முதல் நாட்களில் அது குட்டிகளைக் கண்டு ஒதுங்கியது. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள், அது குட்டிகளைக் கவ்விச் சேர்த்து, நக்கி, கவிந்து படுக்கத் தொடங்கிவிட்டது. சூலகம் அகற்றப்பட்ட எலியும் அவ்வாறே செய்தது. ஆண் எலியும் செய்தது! ஹார்மோன் கதவை விரைந்து திறக்கிறது. ஆயின் குட்டியின் அண்மையும் தீண்டலும், சற்றுத் தாமதமாக, அதே கதவைத் திறக்கின்றன. இக்கண்டுபிடிப்பை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

அடுத்து ஆராய்ச்சி மூளைக்குச் சென்றது. 1974-இல் மைக்கேல் நியூமன் என்பவர், மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்னும் உறுப்பின் முன்புறமுள்ள ஒரு சிறு பகுதியைச் சிதைத்தால், குட்டி ஈன்ற எலி குட்டிகளைக் கவ்விச் சேர்ப்பதையும் கூடு கட்டுவதையும் நிறுத்திவிடுகிறது என்று காட்டினார். தாய்மை நடத்தைக்கு மூளையில் ஒரு நிலைக்களன் உண்டு என்பது உறுதியாயிற்று.

இனி மரபணுவுக்கு வருவோம். உயிரினத்தின் ஒவ்வோர் அணுவிலும் பரம்பரைச் செய்திகள் அடங்கியுள்ளன. ஒவ்வொரு செய்தித் துண்டும் ஒரு மரபணு. பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை நேர்வதுபோல, மரபணுவிலும் பிழை நேர்வதுண்டு. அதுவே மரபணுப் பிறழ்வு. அது தானாகவே நேரலாம். 1996-இல் தார்நாகா நிறுவனத்தின் எலிக் கூட்டத்திலேயே அவ்வாறு ஒன்று நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவந்த எலிகளிடையே அளவுமீறிப் பருத்த எலி ஒன்று காணப்பட்டது. அதிலிருந்து பருத்த எலிகளின் தனி வமிசம் ஒன்றை அந்நிறுவனத்தார் உண்டாக்கினர். பருத்த எலிகள் மலடாதலால், பிறழ்வை மறைவாகச் சுமக்கும் எலிகளை இணைத்தே அவ்வமிசத்தைக் காத்துவருகின்றனர்.

மரபணுவை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்வது மற்றொரு வழி. சுண்டெலியின் கருவணுக்களில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் நீக்கும் முறை 1980-களின் இறுதியில் கைகூடிற்று. அதற்காக கபேக்கி, எவான்ஸ், ஸ்மித்திஸ் என்னும் மூவருக்கு 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. தார்நாகாவுக்கு அப்பால் ஹப்சிகுடாவில், 1977-இல் புஷ்ப மித்ர பார்கவாவின் தலைமையில் தோன்றிய உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்திலும் மரபணு மாற்றிய சுண்டெலிகளைக் கொண்டு ஆராயும் வசதி உண்டு.

உறவினர் குறிப்பிட்ட ஆராய்ச்சி இம்முறையில் செய்யப்பட்டதே. அது நடந்த இடம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ஆண்டு, தார்நாகாவில் பருத்த எலி காணப்பட்ட அதே 1996. ஜெனிபர் பிரௌன், மைக்கேல் கிரீன்பர்க் முதலியோர் 'ஃபாஸ்-பி' என்னும் மரபணு இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கினர். அவை வளர்ந்தன, கருவுற்றன, குட்டி ஈன்றன. ஆனால் குட்டிகளுள் பெரும்பாலானவை ஓரிரு நாட்களில் இறந்தன. குட்டிகளிடம் குறையா என்று பார்த்தனர். அவற்றை இயல்பான தாயிடம் விட்டபோது பிழைத்தன. ஆகவே குட்டிகளிடம் குறை இல்லை. தாயின் பால்சுரப்பிகளைப் பார்த்தனர், குறை இல்லை. ஹார்மோன்களை அளந்தனர், குறை இல்லை. மோப்ப சக்தியைச் சோதித்தனர். அதிலும் குறை இல்லை. தாய் குட்டிகளை முகர்ந்துகூடப் பார்த்தது. ஆனால் அவற்றைக் கவ்விச் சேர்க்கவில்லை. மேலே கவிந்து படுக்கவில்லை. குட்டிகள் கூண்டெங்கும் சிதறிக் கிடந்து, பட்டினியாலும் குளிராலும் மாண்டன.

இதைப் படித்தபோது நம் மனம் துணுக்குற்றது. உறவினர் சொன்னது மெய்தானோ என்று எண்ணினோம். ஆனால் அந்த ஆய்வுரையை மேலும் படித்தபோது இரண்டு செய்திகள் புலப்பட்டன.

முதலாவது, சொல்லைப் பற்றியது. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நாம் முதலில் தலைப்பையே பார்த்தோம். அதிலுள்ள சொல்லைத் தமிழாக்கினால் 'பேணி வளர்த்தல்' என்றே ஆகும். அன்பு என்றோ பாசம் என்றோ அதில் இல்லை. ஆராய்ச்சியாளர் குட்டிகளைக் கூண்டின் மூலைகளில் வைத்து, தாய் எத்தனையைக் குறித்த நேரத்துக்குள் கூட்டில் சேர்க்கிறது என்று எண்ணினர். எண்ணக்கூடியதை எண்ணினர், எண்ணக்கூடாததைப் பற்றிப் பேசவில்லை. 'பேணுதல்' என்ற சொல் செய்தித்தாளுக்கு வரும்போது 'தாயன்பு' ஆகி, வாய்மொழியில் 'தாய்ப்பாச ஜீன்' ஆகிவிட்டது. ஒரு சொல் மாறியதால் ஒரு பெண்ணின்மீது பழி வந்தது. நம் தொழிலில் இருப்போர் இதைச் சிறிதும் மறத்தலாகாது.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. ஃபாஸ்-பி எப்படிப்பட்ட மரபணு? பிறந்ததுமுதல் ஓயாமல் ஒரே கட்டளையை இட்டுக்கொண்டிருக்கும் மரபணு அன்று. வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் வந்ததும் விரைவில் விழித்தெழும் வகையைச் சேர்ந்தது. இவ்வகை மரபணுக்கள் நிமிடக் கணக்கில் விழிப்பதை கிரீன்பர்க்கே 1984-இல் கண்டறிந்திருந்தார். இயல்பான சுண்டெலியின் அருகே குட்டிகளை வைத்தால், நியூமன் சுட்டிய அதே மூளைப் பகுதியில் ஃபாஸ்-பி விழித்தெழுகிறது. குட்டியின் மணமும் தீண்டலும் மூளையை எட்டுகின்றன, மரபணு விழிக்கிறது, அதன்பின் மூளையணுக்களில் மாற்றம் நிகழ்ந்து, பேணும் செயல் நிலைபெறுகிறது. இதுவே அவ்விஞ்ஞானிகள் கூறிய விளக்கம். அதாவது, இந்த மரபணு தாய்மையைச் சேமித்துவைத்த பெட்டகம் அன்று; குட்டி வந்து தட்டும்போது ஒலிக்கும் மணி. ரோசன்பிளாட்டின் கன்னி எலி ஒரு வாரத்தில் குட்டிகளோடு பழகிக்கொண்டதை நேயர்கள் நினைவுகூர்க. ஃபாஸ்-பி இல்லாத சுண்டெலியிடம், அவ்வாறு பழகிக்கொள்ள உதவும் கருவிகளுள் ஒன்று குறைந்தது, அவ்வளவே.

கருவிகளுள் ஒன்று என்று சொன்னோம். ஏனெனில் கருவிகள் பல. அதே 1996-இல் ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோனுக்குரிய மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றிய செய்தியும் வெளியாயிற்று. அத்தாய்கள் கூடு கட்டின, குட்டிகளைச் சேர்த்தன, கவிந்து படுத்தன. ஆயினும் குட்டிகள் இறந்தன. பால் சுரந்தும் வெளிவராததே காரணம். அந்த ஹார்மோனை ஊசிவழிச் செலுத்தியதும் பால் இறங்கியது. பாஸ்டன் சுண்டெலியிடம் பால் இருந்தது, பேணுதல் இல்லை. இதனிடம் பேணுதல் இருந்தது, பால் இறங்கவில்லை. சிதறிக் கிடந்த குட்டியும் மடியில் கிடந்த குட்டியும் ஒரே பட்டினியால் இறந்தன. பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பவர் இரண்டு தாயையும் ஒரே சொல்லால் ஏசியிருப்பார்.

1997-இல் தாமஸ், பால்மிட்டர் என்னும் இருவர், நார்-அட்ரினலின் என்ற பொருளை உண்டாக்க இயலாத சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவையும் குட்டிகளைச் சிதறவிட்டன. ஆனால் குட்டி ஈனுவதற்குச் சற்று முன் அப்பொருளை மருந்தின் வாயிலாக ஈடுசெய்தபோது, தாய்கள் குட்டிகளைப் பேணின. மரபணுவின் குறை குறையாகவே இருந்தது. தாயின் செயலோ திருந்திவிட்டது. 'மரபணுக் கோளாறு என்றால் மாற்றமுடியாதது' என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. இந்திய வமிசத்தவரான ஆசிம் சுரானி என்னும் விஞ்ஞானியும், எரிக் கெவர்ன் முதலியோரும் கேம்பிரிட்ஜில் 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் இரண்டு மரபணுக்களைப் பற்றி எழுதினர். அவை தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டுமே இயங்கும் விந்தையான மரபணுக்கள். அவை செயலிழந்த பெண் சுண்டெலிகள் குட்டிகளைச் சரிவரப் பேணவில்லை. அப்படியானால் மகளின் தாய்மைக்குத் தந்தைவழிப் பங்கும் உண்டு என்றாயிற்று! ஆனால் 2016-இல் வேறு ஆராய்ச்சியாளர், அவ்விரண்டனுள் 'பெக்-3' என்னும் மரபணுவை வேறு வகையில் செயலிழக்கச் செய்து பார்த்தபோது, தாய்களிடம் அக்குறை தோன்றவில்லை. ஓர் எலி வமிசத்தில் கண்டது மற்றொன்றில் காணப்படவில்லை. சுண்டெலிக்குச் சுண்டெலியே இவ்வளவு மாறுபடுமாயின், சுண்டெலியிலிருந்து மனிதப் பெண்ணுக்கு ஒரே தாவலாகத் தாவுவது எத்துணைப் பேதைமை!

இறுதியாக, கனடாவின் மான்ட்ரியல் நகரில் மைக்கேல் மீனி குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கூறவேண்டும். சில தாய் எலிகள் குட்டிகளை மிகுதியாக நக்கிச் சீராட்டும். சில குறைவாகச் செய்யும். மகள்களும் வளர்ந்தபின் தம் தாயைப் போலவே நடக்கும். இது இரத்தவழியா, வளர்ப்புவழியா? குறைவாகச் சீராட்டும் தாயின் குட்டியை, மிகுதியாகச் சீராட்டும் தாயிடம் பிறந்தவுடனேயே மாற்றி வைத்தனர். அக்குட்டி வளர்ந்து தாயானபோது வளர்ப்புத் தாயைப் போலவே தன் குட்டிகளைச் சீராட்டிற்று. மரபணு மாறவில்லை, மடி மாறிற்று.

குன்னூரில் உணவு, நியூவார்க்கில் இரத்தமும் தீண்டலும், பிறகு மூளை, பாஸ்டனில் மரபணு, மான்ட்ரியலில் வளர்ப்பு என்று இவ்வரலாறு செல்கிறது. பின்வந்தது எதுவும் முன்வந்ததைப் பொய்யாக்கவில்லை. குட்டியைப் பேணுதல் என்பது பல கைகள் சேர்ந்து இழுக்கும் தேர். ஒரு வடம் அறுந்தால் தேர் நிற்கலாம். அதனால் அந்த ஒரு வடமே தேரை இழுத்தது என்று ஆகாது.

அண்டை வீட்டு அம்மாளிடம் நாம் இவ்வளவையும் சொல்லவில்லை. "எலியில் கண்டது உண்மை, ஆனால் அது அன்பைப் பற்றியது அன்று, மருந்து கொடுத்துத் திருந்திய எலியும் உண்டு. உங்கள் மகளின் நிலைமையை எலியிடம் கேட்க வேண்டாம்; மருத்துவரிடம் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னோம். அன்று மாலையே மகளை அழைத்துச் சென்றார்கள். பிரசவத்துக்குப் பின் பெண்களுக்கு வரக்கூடிய மனச்சோர்வு நோய் இது என்றும், இதற்குச் சிகிச்சை உண்டு என்றும் மருத்துவர் கூறினார். வீட்டார் பழிச்சொல் பேசலாகாது, தாயை உறங்கவிடவேண்டும், குழந்தையை அவள் அருகிலேயே வைத்திருக்கவேண்டும், ஆனால் வற்புறுத்தக்கூடாது என்றும் சொல்லியனுப்பினார். பாட்டி இரவெல்லாம் விழித்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். வாரங்கள் சில சென்றன. ஒரு நாள் காலை, அப்பெண் மாடத்தில் வெயிலில் அமர்ந்து குழந்தையின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பதை நாம் கண்டோம். அவள் நம்மைப் பார்க்கவில்லை. நாமும் பேச்சுக்கொடுக்காமல் அலுவலகத்துக்கு நடந்தோம்.

தார்நாகாவிலும் ஹப்சிகுடாவிலும் கூண்டுகளில் வாழும் எலிகள் மனிதனுக்காகத் தம் உயிரைக் கொடுத்துச் சாட்சி சொல்கின்றன. அவற்றைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், தமக்கு வேண்டிய ஒரு வாக்கியத்தோடு எழுந்துவிடாமல், முழுச் சாட்சியத்தையும் கேட்டுவிட்டே தீர்ப்புக் கூறவேண்டும்.